தண்ணீருக்கு முன்னால் ஒரு சைக்கிள்

டிக் டிக் டிக் டிக்.

நேற்று மாலை உங்களில் யாரோ ஸ்டுடியோ வராந்தாவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்து ஃப்ரீவீல் போடுமே, அந்தச் சத்தம். எடிட்டிங் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அது சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து கேட்டது. அவ்வளவுதான், மவுஸைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய ஓர் ஆனி மாதக் காலையில், காய்ந்த வாய்க்கால் ஒன்றின் கரையில் போய் இறங்கிவிட்டேன்.

இந்த மாதத்தோடு நான் கேமரா தூக்குவதை நிறுத்துகிறேன். வலது தோள்பட்டை ஒரு வருடமாகவே விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தது, நான்தான் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏழு பேரும் "போறதுக்கு முன்னாடி ஏதாச்சும் எழுதிக் குடுங்கக்கா" என்றீர்கள். எந்த லென்ஸ், எந்த விளக்கு என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதனால் நான் செய்த இரண்டு தப்புகளைத் தருகிறேன். இரண்டுமே ஒரு சைக்கிள்காரிக்கு மட்டும் வாய்க்கும் தப்புகள்.

முப்பத்தெட்டு வயது வரை தஞ்சாவூரில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் வரவேற்பாளராக இருந்தேன். பதினான்கு வருடம் வந்தவர்களுக்கெல்லாம் "உட்காருங்க, உட்காருங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு உட்காரவே பிடிக்காமல் போயிற்று. விடிந்தால் கியர் சைக்கிள். திருவையாறு, கண்டியூர், திருக்காட்டுப்பள்ளி என்று ஆறுகளைக் கோத்துக்கொண்டு போவேன், டாக்டர் வருவதற்குள் திரும்பிவிடுவேன். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பொம்பிளை ஆற்றங்கரையில் போனால் ஊர் சும்மா இருக்குமா? "என்னம்மா, ஸ்கூட்டி ரிப்பேரா?" என்று வண்டியை நிறுத்தி இரக்கப்படுவார்கள். ஒருவர் என்னையும் சைக்கிளையும் டிராக்டரில் ஏற்றியே தீருவேன் என்று அடம்பிடித்தார். எனக்காகத்தான் மிதிக்கிறேன் என்று சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

பார்த்ததையெல்லாம் யாருக்காவது காட்ட வேண்டும் என்று ஓர் அரிப்பு. பனி ஏறிய நாற்றங்கால், வரப்பில் வரிசையாக நின்று எதையோ விவாதிக்கும் கொக்குகள், களத்துமேட்டுப் பதரில் சாய்ந்து விழும் வெயில். வேலையை விட்டேன். கல்லூரி ஒன்றில் ஒரு வருட வீடியோ தயாரிப்புப் படிப்பில் சேர்ந்தேன்.

எங்கள் வாத்தியாருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. நான் அவரை "சார்" என்பேன், அவர் என்னை "அக்கா" என்பார். முதல் பயிற்சிக்கு இரண்டு நிமிடப் படம் எடுத்து வரச் சொன்னார். மற்றவர்கள் கல்லூரி கேன்டீனையும் பூனையையும் எடுத்தார்கள். நான் கேமராவைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டு குடமுருட்டிக் கரைக்குப் போனேன். மிதித்தால் படம் குலுங்குகிறது. உடனே ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். வேகம் பிடித்துவிட்டு மிதிப்பதை நிறுத்திவிட வேண்டியது. சைக்கிள் தானாக உருளும், படம் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு வரும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

வகுப்பில் போட்டுக் காட்டியபோது வாத்தியார் திரையைப் பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார்.

"அக்கா, இது என்ன பூச்சி?"

"எந்தப் பூச்சி சார்?"

"ஷாட்டுக்கு ஷாட்டு கத்துதே. சில்வண்டா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். காற்று, ஒரு மைனா, தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். அவற்றுக்கு மேலே, ஆணி அடித்ததுபோல, டிக் டிக் டிக் டிக்.

"சார், அது என் சைக்கிள்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் மின்விசிறியே ஒரு சுற்று தடுமாறியிருக்கும். பல வருடங்களாகக் கேட்ட சத்தம் என்பதால் என் காது அதைச் சத்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பிள்ளைகளே, உங்களுக்கு உயிராக இருப்பது எதுவோ அது உங்கள் படத்தில் கத்திக்கொண்டிருப்பது உங்களுக்குக் கேட்காது. அதற்கென்று இன்னொருவர் காதைக் கடன் வாங்கிவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் இன்னொன்றும் சொன்னார். "பூச்சியக்கூட விடுங்க. எல்லா ஷாட்டும் ஓடுது. கரை ஓடுது, மரம் ஓடுது, கட்டிப்போட்ட ஆடுகூட ஓடுது. ஒண்ணாவது நிக்கட்டும்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. "நிக்கிறதுக்கா சார் வேலைய விட்டுட்டு வந்தேன்?"

அவர் அடுத்த மாணவனின் பூனைப்படத்தைப் போட்டார்.

இனி இரண்டாவது தப்பு. இது பெரியது.

படிப்பின் கடைசியில் ஆளுக்கொரு பத்து நிமிடப் படம் தர வேண்டும். படம் இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. முன்மேசையை உதறிவிட்டு வந்தவளுக்கு அந்தச் சான்றிதழ்தான் அடுத்த வாசல். காய்ந்து கிடக்கும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேருவதை எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, முறைவைத்து ஒவ்வொரு வாய்க்காலாகத் தண்ணீர் பிரிந்துவரும் நாட்கள். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே பிரியும் ஒரு வாய்க்காலைத் திங்கட்கிழமை காலை திறப்பதாகத் தகவல் வந்தது. புதன்கிழமை படம் கையில் இருக்க வேண்டும். கல்லூரிக் கேமரா எனக்குக் கிடைத்தது அந்தத் திங்கள் ஒருநாள் மட்டும்.

மதகைத் திறந்து மூடும் ஊழியரை எங்கள் பக்கம் லஸ்கர் என்பார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். நாலைந்து விவசாயிகள், தட்டில் உதிரிப்பூவும் ஒரு பிடி விதைநெல்லுமாக இரண்டு பெண்கள். நான் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்து, கேமராவைக் கிளாம்ப்பில் இறுக்கி, ஹெல்மெட்டைச் சரிசெய்து, சைக்கிளைக் கரைக்குக் கொண்டுவந்து தயாராக நின்றேன். கிழக்கு வெயில் நேராகத் திரையில் அடித்தது. லஸ்கர் இரும்புச் சாவியைப் போட்டுச் சுற்றத் தொடங்கியதும் பொத்தானை அழுத்தினேன்.

தண்ணீர் வந்தது. முதலில் நாக்குபோல ஒரு நீளம். அப்புறம் நுரை, சருகு, தென்னம்பாளை, ஒற்றைச் செருப்பு என்று வழியில் கண்டதையெல்லாம் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வருகை. பொடிமண் சுர்ரென்று குடித்தது. நண்டு வளைகள் ஒவ்வொன்றும் கொப்புளமிட்டு மூச்சுவிட்டன. குடியிருந்த பூச்சிகள் மேலேறி ஓட, அவற்றைப் பொறுக்க மைனாக்கள் தண்ணீரின் முகத்துக்கு முன்னால் நடந்தே வந்தன. நான் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து ஒரு கிலோமீட்டர் தூரம் அதனோடு கூடவே போனேன். போதும் என்று பட்டதும் பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு, கேமராவைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, நன்றி சொல்ல மதகுக்குத் திரும்பினேன்.

"ரொம்ப அருமையா வந்திருக்குண்ணே!"

"எங்க, காட்டும்மா பாப்பம்."

நிழலுக்குப் போய்க் காட்டினேன். முதல் துண்டில் புளியமரத்துப் பட்டை. ஒன்பது நிமிடம். அதில் எறும்புச் சாரை ஒன்று போயிற்று. இரண்டாவது துண்டில் என் முழங்கால், கரை, முழங்கால். பிறகு என் குரல், மிகத் தெளிவாக: "ரொம்ப அருமையா வந்திருக்குண்ணே!"

கிளாம்ப்பை முடுக்கும்போதே விரல் பட்டுக் கேமரா ஓடத் தொடங்கியிருக்கிறது. வெயிலில் சிவப்புப் புள்ளி தெரியவில்லை. நான் ஓடவைப்பதாக நினைத்து நிறுத்தியிருக்கிறேன், நிறுத்துவதாக நினைத்து ஓடவைத்திருக்கிறேன். ஒரு கை எப்போதும் பிரேக்கில் இருந்து பழகியவள் இன்னொரு கையைக் கவனிக்கவில்லை.

லஸ்கர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தார். "தண்ணியே காணோமேம்மா."

உட்காரவே பிடிக்காத நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "அட, இதுக்குப் போயி. ஷட்டர இறக்குறேன். பத்து நிமிஷம் கழிச்சு ஏத்துறேன். நீ மொதல்லேருந்து எடுத்துக்க. யாருக்குத் தெரியப் போவுது?"

சரிண்ணே என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், மறைக்கவில்லை. சொல்வதற்கு முன் ஏனோ வாய்க்காலைப் பார்த்தேன். படுகை நனைந்து கறுத்துவிட்டது. இனி மண் சுர்ரென்று குடிக்காது, நண்டு வளை மூச்சுவிடாது. தண்ணீர் மேல் தண்ணீர் வரும், அவ்வளவுதான். இந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் பார்த்தால் போதும், இது ரெண்டாந் தண்ணி என்று சொல்லிவிடுவார்.

அடுத்த யோசனை தலையிலிருந்து வரவில்லை, உள்ளங்கையிலிருந்து வந்தது. பிரேக் பிடித்த இடம் சிவந்திருந்தது. ஏன் அவ்வளவு நேரம் பிரேக் பிடித்தேன்? தண்ணீர் என்னைவிட மெதுவாகப் போனதால். நடை பழகும் பிள்ளையின் வேகம்தான் அதற்கு. அப்படியானால் காய்ந்த மண் இன்னும் தீரவில்லை. முன்னால் கிடக்கிறது, கிலோமீட்டர் கிலோமீட்டராக.

"கடைமடைக்குத் தண்ணி எப்பண்ணே போவும்?"

"பதினோரு கிலோமீட்டராச்சே. சாயந்தரம் நாலு மணி, அஞ்சு மணி ஆவும்."

"நான் ஒரு மணி நேரத்துல போயிடுவேன்."

"போயி?"

"நிப்பேன்."

சொன்ன பிறகுதான் வாத்தியார் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு மிதித்ததைப்போல நான் என்றைக்கும் மிதித்ததில்லை. முதல் பாலத்துக்கு முன்பே தண்ணீரின் தலையைத் தாண்டினேன். அதற்குப் பிறகு நான்தான் செய்தி. கரையோரத்து ஊர்களெல்லாம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றன. "தண்ணி எங்கம்மா வருது?" "பின்னாடி வருதுங்க!" "ரொம்ப வருதா?" "ரொம்ப வருதுங்க!" யாரென்று எவரும் கேட்கவில்லை, ஸ்கூட்டி ரிப்பேரா என்றும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் நிறுத்தி வைத்து மோர் கொடுத்தார்கள். ஒரு கிழவர் எழுந்து நின்று, எனக்கா தண்ணீருக்கா தெரியாது, கும்பிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக என் சைக்கிளுக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

கடைமடையில் மலர்க்கொடி அக்கா இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். தலையில் துண்டு, இடுப்பில் செல்போன், கையில் மண்வெட்டி. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"தண்ணிய எடுக்க வந்தியா? அதான் தலைப்பு மதகுலயே வந்திருக்குமே. இம்புட்டுத் தொலவு எதுக்கு வந்தே?"

நடந்ததைச் சொன்னேன். புளியமரப் பட்டை வந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லஸ்கர் மதகை இறக்கித் தருவதாகச் சொன்னதைச் சொன்னபோது சிரிப்பு சட்டென்று நின்றது.

"இறக்கச் சொன்னியா?"

"இல்லக்கா."

"பொழைச்சே."

அவள் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. வேப்பமர நிழலில் ஈரச் சாக்கு மூட்டைகள் மூன்று. உள்ளே முளைகட்டிய விதைநெல். திங்கட்கிழமை தண்ணீர் வருமென்று வாய்க்கால் வாட்ஸப் குரூப்பில் வந்த ஒரு வரியை நம்பி, சுற்றுவட்டத்தில் அவள் ஒருத்திதான் விதையை ஊறப்போட்டிருந்தாள். மற்றவர்கள் தண்ணீரைக் கண்ணால் கண்டபிறகு ஊறப்போடலாம் என்று இருந்துவிட்டார்கள். இன்று பொழுதுக்குள் தண்ணீர் ஏறினால் நாளைக் காலை மண்ணை உழுது கலக்கிச் சேடையடித்து விதை தெளித்துவிடலாம். ஒருநாள் தள்ளினால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அப்புறம் அதைத் தூக்கி மாட்டுக்குத்தான் போட வேண்டும். "முந்தியெல்லாம் அடுத்தவங்க வயல்ல அவங்க சொன்ன அன்னிக்கு நட்டோம். இது நம்ம வயலு. நாம சொன்ன அன்னிக்கு நடணும்ல?" என்றாள். ஒன்றேகால் ஏக்கர். அவள் புருஷன் இரண்டு நாளாகப் பேச்சை நிறுத்தியிருந்தாராம்.

வாத்தியாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "சாயங்காலம் வரைக்கும் ஒரே எடத்துல இருக்கணும்க்கா. முடியுமா உங்களால?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தேன். படுகையில் இறங்கி, முட்டி போட்டு, குப்புறப் படுத்து, கேமராவைத் தரையோடு வைத்துப் பார்த்தேன். சூரியன் எந்த வெடிப்பில் எப்போது விழுகிறது என்று எனக்குத் தெரிந்தது. எந்த நண்டு எந்த வளைக்காரன் என்று தெரிந்தது. ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அந்த நண்டுகளோடு எனக்கு அறிமுகமே ஆகியிருக்காது. ஒவ்வொரு ஒத்திகையிலும் மலர்க்கொடி அக்கா கரையிலிருந்து கேட்பாள்: "செவப்பு எரியுதா?" திரைக்கு மேல் துண்டைப் பிடித்து நிழல் காட்டிப் பார்த்துவிட்டு நான் சொல்வேன்: "எரியுதுக்கா." "இப்பவும் எரியுதா?" "எரியுதுக்கா!"

மூன்றரை மணிக்கு அவள் செல்போன் முனகியது. செய்தியைப் படித்ததும் அவள் முகம் மாறியது. தண்ணீர் வரும் வழியில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னப் பாலத்தில் குப்பை அடைத்துத் தண்ணீர் தேங்கி நிற்கிறதாம். யாராவது பார்ப்பார்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"யாராவது பாப்பாங்களாம்!" என்று மண்வெட்டியைத் தூக்கினாள். "உன் சைக்கிள்ல ஏத்திக்க, போவம்."

"கேரியர் இல்லக்கா."

"கேரியர் இல்லாததெல்லாம் ஒரு சைக்கிளா?"

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை எடுத்து, மண்வெட்டியைக் கேரியரில் செருகி மிதித்தாள். நான் கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். போகப் போக அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "என்னாடி, இத்தினி கியரு வச்சிருக்கே, இன்னும் பின்னாடியே வர்றே?"

பாலத்தின் வாயில் தென்னைமட்டை, ஆகாயத்தாமரை, கிழிந்த பாய். இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்தோம். அதை நான் படமெடுக்கவில்லை. கேமரா வேலியில் தொங்கியது, என் இரண்டு கையிலும் மட்டை இருந்தது. கடைசிப் பாய் பிடுங்கிக்கொண்டு வந்ததும் பாலம் ஒரு பெருமூச்சு விட்டதே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. தேங்கியதெல்லாம் பாய்ந்து கிளம்பியது. இப்போது அதன் வேகம் நடை பழகும் பிள்ளையின் வேகமில்லை.

"ஓடு ஓடு! நமக்கு முந்திப் போயிடும்!"

சேறு சொட்டச் சொட்ட இரண்டு பொம்பிளைகள், இரண்டு சைக்கிள், வாய்க்காலில் துரத்தும் தண்ணீர். வழியெல்லாம் கத்தினோம். என்ன கத்தினோம் என்று ஞாபகமில்லை. மைனாக்கள் சிதறிப் பறந்தன. வெயில் மஞ்சளாகியிருந்தது.

இடத்துக்கு வந்து சைக்கிளைக் கீழே போட்டேன். படுகையில் இறங்கிப் படுத்தேன். கேமராவைத் தரையோடு வைத்து அழுத்தினேன். துண்டைப் பிடித்து நிழல் காட்டினேன்.

"எரியுதா?"

"எரியுதுக்கா."

பிறகு அசையவில்லை. முதலில் வெடிப்புகளில் ஒரு நடுக்கம். காலையிலிருந்து எனக்குப் பழக்கமான நண்டு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. பிறகு திருப்பத்தில் ஒரு மினுக்கல், சருகுகள் சலசலக்க, நுரை மூஞ்சியோடு, மாலை வெயிலை முதுகில் போட்டுக்கொண்டு அது வந்தது. லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் இருந்த வெடிப்பில் இறங்கி, நிரம்பி, மேலேறி, என் முழங்கையை நனைத்தபோதுதான் கேமராவைத் தூக்கினேன். அந்த ஒரே ஷாட் நாலரை நிமிடம். எதுவும் ஓடவில்லை, தண்ணீரைத் தவிர.

ஒத்திகையில் எடுத்த வெடிப்புகளையும் நண்டுகளையும் சேர்த்துப் பத்து நிமிடமாக்கிப் புதன்கிழமை வகுப்பில் போட்டபோது வாத்தியார் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். படத்தின் நடுவில் "எரியுதா?" என்று ஒரு குரல் வந்ததும் வகுப்பு சிரித்தது. "இது யாருக்கா?" என்றார். "எனக்கு இன்னொரு காது, இன்னொரு கண்ணு எல்லாம் சார்" என்றேன். வெட்டச் சொல்லவில்லை. அந்தக் குரல் இன்றைக்கும் படத்தில் இருக்கிறது. நீங்கள் ஏழு பேரும் அழுத்தியதும் வாய்விட்டு "எரியுது" என்று சொல்ல வேண்டும் என்று நான் ஏன் உயிரை வாங்குகிறேன் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

வேறு வாய்க்கால்கள், வேறு ஊர்கள், கல்யாணங்கள், தேர்தல்கள் என்று பத்து வருடத்தில் எத்தனையோ நழுவின. நழுவும்போதெல்லாம் பின்னால் துரத்தாமல், இது அடுத்து எங்கே வந்து சேரும் என்று கேட்டுக்கொள்வேன். பாதி தடவையாவது முன்னால் ஒரு காய்ந்த இடம் மிச்சமிருக்கும். மீதி பாதிக்கு மோராவது கிடைக்கும்.

அந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலம் தண்ணீர் மடை திரும்பி மலர்க்கொடி அக்காவின் நாற்றங்காலுக்குள் நுழைந்தது. பேச்சை நிறுத்தியிருந்த புருஷன் வரப்பில் வந்து நின்று, "ஏறிருச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். "கண்ணு தெரியல?" என்றாள் அவள். அதோடு சமாதானமாகிவிட்டது. நான் ஈரத்துணியோடு சைக்கிளைக் கரைமேல் ஏற்றினேன். தஞ்சாவூருக்கு நெடுந்தூரம், சிறு இறக்கம், மிதிக்காமல் உருளவிட்டேன். டிக் டிக் டிக் டிக். முதல்முறையாக அந்தச் சத்தம் ஹெட்போன் இல்லாமலே எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்கும் மேலே, கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, மண்வெட்டியை உயர்த்தி அவள் கத்தினாள்:

"அடுத்த வருசமும் வாடி! தண்ணிக்கு முந்தி வந்துடு!"